ஒரே மூச்சில் அஞ்சு ஸ்டேஷன்

வாசகர் கேள்வி – பதில்

சரள் பாதை (கிராவல்) சைக்கிளையும் இதயத்தையும் சேர்த்துக் கேட்டவர்களுக்கு மட்டும்தான் இந்த இதழில் இடம். மருந்து, பரிசோதனை பற்றிய பதில்கள் இதயநோய் மருத்துவருடையவை. டயர், கியர் பற்றியவை சைக்கிள் மெக்கானிக்குடையவை. ஒருவர் பதிலில் மற்றவர் மூக்கை நுழைத்த இடங்களும் உண்டு. அவற்றை நாங்கள் வெட்டவில்லை.

கேள்வி: வயது 49. அஞ்சு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து, இதயத்தின் இடது முன்பக்க ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் 52 சதவீதம். ஆஸ்பிரின், டிகாக்ரெலார், மெட்டோபிரோலால், ராமிப்ரில், அட்டார்வாஸ்டாடின் சாப்பிடுகிறேன். முன்பு கிராவல் பந்தயத்தில் 100 கி.மீ. ஓட்டியவன். இப்போது கன்னடியன் கால்வாய்க் கரையில் மெதுவாகப் போனாலே மூச்சு வாங்குகிறது. வாட்சைப் பார்த்தால் துடிப்பு 128-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. எனக்கு இனி அவ்வளவுதானா? பந்தயத்துக்கு எப்போது திரும்பலாம்?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: 128-ஐப் பார்த்துக் கலங்காதீர்கள், அண்ணாச்சி. மெட்டோபிரோலாலின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான். உச்சத் துடிப்பை அது 20, 30 வரை இறக்கிவிடும். '220-இல் வயதைக் கழி' என்ற கணக்குப்படி உங்களுக்கு 171 வரும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. 140 வந்தாக வேண்டும் என்று மிதித்தால், உடம்பு தாங்கும் எல்லையைத் தாண்டிய பிறகும் வாட்ச் 'இன்னும் போ' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

அதற்குப் பதில் மூச்சை அளவாக வையுங்கள். செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் ஊர் வழியாகப் போகும் தென்காசி ரயிலின் ஸ்டேஷன்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். ஒரே மூச்சில் அஞ்சும் வந்தால் இதமான மிதி. வீரவநல்லூரில் ஒரு தரம் மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் நடுத்தரம். காருகுறிச்சியோடு நின்றுவிட்டால் அது பந்தய மிதி, இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது. வாரத்தில் பத்தில் எட்டுப் பங்கு மிதி அஞ்சு ஸ்டேஷனுக்குள் இருக்கட்டும்.

மெதுவாகப் போனாலே மூச்சு வாங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். டிகாக்ரெலார் சிலருக்குத் தானாகவே மூச்சுத் திணறலைத் தரும். உட்கார்ந்திருக்கும்போதும் வரும், வந்து போகும், மிதிக்கும் வேகத்தோடு அதற்குச் சம்பந்தம் இருக்காது. அப்படித்தான் இருக்கிறது என்றால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்ற வழி உண்டு. நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. மாத்திரை நின்றால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும், அது முதல் மாரடைப்பைவிட மோசமாக முடியலாம். மிதிக்க மிதிக்கத்தான் மூச்சு முட்டுகிறது, நின்றால் அடங்குகிறது என்றால் அது வேறு கதை. அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.

சைக்கிளைத் தொடுமுன் டிரெட்மில் டெஸ்ட் ஒன்று வேண்டும். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுக்குச் சில மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வதுண்டு. எவ்வளவு மிதிக்கலாம் என்று அளக்கும் டெஸ்ட்டுக்கு வழக்கமான மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், ஏனென்றால் சைக்கிள் ஓட்டும் உடம்பு அந்த மாத்திரைகளோடுதான் ஓடப்போகிறது. எந்த வகை டெஸ்ட் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட்டில் ஏதாவது ஒரு துடிப்பில் ஈசிஜி மாறினாலோ நெஞ்சு இறுகினாலோ, அந்த எண்ணுக்குப் பத்து கீழேதான் உங்கள் எல்லை. கூடவே எக்கோ, ஹீமோகுளோபின், எல்டிஎல் கொழுப்பு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே வேண்டும் என்பது இன்று பெரும்பாலான மருத்துவர்கள் பிடிக்கும் கோடு.

டெஸ்ட் சுத்தமாக வந்தால் பன்னிரண்டு வாரக் கணக்கு இது. முதல் நாலு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், 45 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை, தார் ரோடு அல்லது இறுகின கால்வாய்க் கரை, அஞ்சு ஸ்டேஷன் மட்டும். அடுத்த நாலு வாரம் நாலு நாள், அதில் ஒரு நாள் சரளில் 90 நிமிடம். வாரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூட்டாதீர்கள். ஒன்பதாம் வாரத்திலிருந்து, அதுவும் டாக்டர் ஒப்புக்கொண்டால் மட்டும், வாரத்தில் ஒரு நாள் நாலு நிமிடம் அழுத்தி மூன்று நிமிடம் தளர்த்தி நாலு சுற்று. இன்னொரு நாள் நிதானமாக, அதே பத்து, பதினைந்து நிமிடக் கணக்கில் கூட்டிக் கூட்டி மூன்று மணி நேரம் வரை. ஒவ்வொரு நாளும் முதல் 15 நிமிடம் சும்மா சுழற்றுங்கள், கடைசிப் பத்து நிமிடமும் அப்படியே. கடைசிப் பத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஏற்றம் முடிந்த இடத்தில் சட்டென்று இறங்கி நின்றால், விரிந்து கிடக்கும் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கிப் பிரஷர் விழும். ராமிப்ரிலும் மெட்டோபிரோலாலும் சேர்ந்த உடம்பு அதைச் சமாளிப்பதற்குள் ஆள் தரையில் கிடப்பார்.

பந்தயம்? மாரடைப்புக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை (உங்களுக்கு ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும்) ஓடும் காலம் பொதுவாக 12 மாதம். கிராவலில் விழாமல் பந்தயம் ஓட்டினவர் இல்லை. இரண்டு மாத்திரை ஓடும்போது தலையில் ஒரு அடி பட்டால் உள்ளே ரத்தம் கசிவது எளிதில் நிற்காது. அதனால் ஒரு வருடம் முடிந்து, இரண்டில் ஒன்றை டாக்டர் நிறுத்தின பிறகு பேர் கொடுங்கள் என்பதே எங்கள் கருத்து. அதற்கு முன்னால் கை துறுதுறுத்தால் பந்தயமாக இல்லாமல் ஓட்டமாகப் போய் வாருங்கள்.

அப்போதும் முதல் பத்து நிமிடம்தான் ஆபத்து. கிராவல் பந்தயத்தில் எல்லோரும் ஒரே கும்பலாகக் கிளம்புவார்கள். பாதை குறுகும் இடத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று, உடம்பு சூடேறுமுன் முழு மூச்சில் மிதிப்பார்கள். இதயத்துக்கு இதைவிடக் கெட்ட தொடக்கம் கிடையாது. கடைசி வரிசையில் நில்லுங்கள். பொங்கலுக்கு நடக்கும் ஸ்லோ சைக்கிள் ரேஸில் கடைசியில் வருகிறவருக்குத்தான் பரிசு. அந்த மனசோடு முதல் அஞ்சு கிலோமீட்டர் போகட்டும். அமெரிக்காவின் கன்சாஸில் 200 மைல் ஓடும் அன்பவுண்டு கிராவல் பந்தயத்திலேகூடப் பலர் முடித்தால் போதும் என்றுதான் வருகிறார்கள்.

கேள்வி: எடை 72 கிலோ. ஸ்டென்ட் வைத்து ஒன்பது மாதம். களக்காடு மலையடிவாரத்துச் சரளில் ஓட்டுகிறேன். கியர் பற்சக்கரத்தில் முன்னால் 40 பல், பின்னால் 11–42. டயர் 38 மி.மீ., காற்று 45 பிஎஸ்ஐ. டிரெட்மில்லில் 9 நிமிடம் ஓடினேன், டாக்டர் 'நல்லா இருக்கு' என்றார். ஆனால் ஏற்றம் வந்தால் மூச்சு எல்லையைத் தாண்டிவிடுகிறது. சைக்கிளில் என்ன மாற்ற வேண்டும்?
– வாசகர், களக்காடு

பதில்: முதலில் உங்கள் ஒன்பது நிமிடத்தை வாட்டாக மாற்றுவோம். புரூஸ் முறை (மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் வேகமும் சரிவும் கூட்டும்) டிரெட்மில்லில் 9 நிமிடம் என்பது சுமார் 10 மெட், அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல் பத்து மடங்கு உழைப்பு. 72 கிலோ ஆளுக்கு அது சைக்கிளில் உச்சமாக ஏறத்தாழ 185 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நிதானமாக நெடுநேரம் தாங்கும், 125 வாட் என்று வையுங்கள்.

இப்போது கியர். உங்கள் 38 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். முன்னால் 40, பின்னால் 42 பல்லில் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் வேகம் 7.5 கி.மீ. சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோவைச் சரளில் அந்த வேகத்தில் 125 வாட்டில் ஏற்றினால் 6 சதவீதச் சரிவு வரை போகலாம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கியர் முடிந்துவிடும், மிச்சத்தை இதயம் கொடுக்க வேண்டும். உங்கள் மூச்சு எல்லை தாண்டுவது அங்கேதான்.

முன்னால் 36 பல் போடுங்கள். உங்கள் பின்பக்க டிரெயிலியர் (செயினைப் பல் மாற்றும் கருவி) ஏற்குமானால் பின்னால் 11–46. அப்போது 55 மிதியில் 5.7 கி.மீ. வேகம், 8 சதவீதம் வரை ஏறலாம். நாலு பல் குறைவதால் செயினில் இரண்டு கண்ணி குறைக்க வேண்டும். ஆனால் பின்னால் 46-ம் போடுவதாக இருந்தால் வெட்டாதீர்கள், முன்னால் குறைந்ததைப் பின்னால் கூடினது ஈடுகட்டிவிடும். இரண்டையும் போட்ட பிறகு செயினைப் பெரிய பல்லில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கடைசி முடிவு. 10 சதவீத ஏற்றத்தில் 125 வாட்டுக்கு வேகம் 5 கி.மீ.கூட வராது. நடக்கிறவர் முந்திவிடுவார். அங்கே இறங்கித் தள்ளுங்கள். கிராவலில் தள்ளுவது தோல்வியில்லை, எல்லாப் பந்தயத்திலும் தள்ளுகிறார்கள்.

38-இல் 45 பிஎஸ்ஐ கல்லுப் போல இருக்கும். ஒவ்வொரு சரளும் கைக்கு ஏறும், நீங்கள் இறுக்கிப் பிடிப்பீர்கள், அந்தப் பிடியே பிரஷரை ஏற்றும். 42 அல்லது 45 மி.மீ. டியூப்லெஸ் போட்டு முன்னால் 28, பின்னால் 31 வையுங்கள். டயருக்கு 60 மில்லி சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). நம் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும், எட்டு வாரத்துக்கு ஒரு தரம் வால்வு வழியாக ஊற்றுங்கள். உடைமுள் குத்தி நின்றால், காற்று இறங்காத வரை பிடுங்காதீர்கள், முள்ளே அடைப்பானாக இருக்கும். வீட்டுக்கு வந்து, ஓட்டை கீழே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பிடுங்குங்கள்.

கைப்பம்பைப் பையில் வைத்திருந்தால் எடுத்துவிட்டு பேட்டரி பம்போ 16 கிராம் கார்பன் டைஆக்சைடு குப்பிகள் இரண்டோ வையுங்கள். உச்சி வெயிலில், மிதித்துக் களைத்த உடம்போடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருநூறு தரம் பம்பு அடிப்பது ஏற்றத்தைவிட இதயத்துக்குப் பாரம். குப்பி போடும்போது வால்வு மேலே இருக்கட்டும், குளிர்ந்த வாயு சீலன்டில் நேராகப் பட்டால் அது உறைந்து கட்டியாகிவிடும்.

சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டுக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்து: தேரி மணல் சரள் இல்லை. சக்கரம் புதைந்ததும் யாருக்கும் தானாகவே ஒரு எக்கு எக்கத் தோன்றும். அந்த எக்கைத்தான் தவிர்க்க வேண்டும். காற்றை 22, 24-க்கு இறக்கினாலும் கொஞ்ச தூரம்தான் வரும். இறங்கி நடங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயசு. போன வருஷம் ஸ்டென்ட் வைத்தோம். இப்போது விடியக்காலம் நாலரைக்கே ராதாபுரம் பக்கம் காற்றாலை ரோட்டில் தனியாகச் சைக்கிள் எடுத்துப் போய்விடுகிறார். போன் பண்ணினால் எடுப்பதில்லை. 'எடுத்தா மிதி கெட்டுப்போகும்ல' என்கிறார். போகாதே என்று சொல்ல மனசு வரவில்லை, விட்டாலும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகி, வள்ளியூர்

பதில்: போக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, சகோதரி. எப்படிப் போக வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம், அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

40 கி.மீ. ஒரே நேராகப் போய்த் திரும்புவதை விட்டுவிட்டு, 8, 10 கி.மீ. சுற்று ஒன்றை எடுத்து நாலு தரம் சுற்றச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஏதானாலும் ஊர் பக்கத்தில் இருக்கும். போனில் இருப்பிடம் பகிர்வதைப் போட்டுவிட்டால் அவர் எடுக்கவே வேண்டாம், புள்ளி நகர்கிறதா என்று நீங்கள் பார்த்தால் போதும். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் அழையுங்கள், எடுக்காவிட்டால் ஆள் அனுப்புங்கள் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று அடிக்கும் பகுதி அது. அம்மியையே நகர்த்தும் ஆடிக் காற்று சைக்கிளைச் சும்மா விடாது. முதலில் மேற்கே காற்றுக்கு எதிராகப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்ப வேண்டும். தலைகீழாகப் போகிறவர்கள்தான் வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது மூச்சு முட்டி நிற்கிறார்கள்.

சேணத்துக்குக் கீழே இருக்கும் பையில் லேமினேட் செய்த ஒரு அட்டை: பெயர், ரத்த வகை, ஸ்டென்ட் வைத்த தேதி, மாத்திரைகளின் பெயரும் அளவும், உங்கள் எண். அதனோடு, டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால், சார்பிட்ரேட் 5 மி.கி. நெஞ்சு இறுகினாலோ, தாடை, இடது கை, முதுகு என்று வலி பரவினாலோ, காரணமில்லாமல் குளிர்ந்து வியர்த்தாலோ உடனே நின்று, தரையில் உட்கார்ந்த பிறகு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுவார். அஞ்சு நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. இதைக் கூச்சப்படாமல் கேட்டு வையுங்கள்: ஆண்மைக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டு ஒரு நாள், டடலாஃபில் என்றால் இரண்டு நாள் ஆகாமல் சார்பிட்ரேட் தொடவே கூடாது.

108-க்கு இடம் சொல்லும்போது 'காற்றாலைக்குப் பக்கத்தில்' என்றால் அங்கே நூறு காற்றாலை நிற்கும். கோபுரத்தின் அடியில் எழுதியிருக்கும் எண்ணையும், பக்கத்து ஊர்ப் பெயரையும் சொல்ல வேண்டும். அந்த எண்ணைச் சொன்னால் காற்றாலை ஆட்களே வழி காட்டிவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் அருகில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தை மறக்காதீர்கள். 2023-இல் தொடங்கின 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் உடனே கொடுக்க வேண்டிய முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். ஏற்கெனவே என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று அந்த அட்டையைக் காட்டுங்கள்.

விழுந்து தலையில் அடிபட்டால், 'ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு' என்று அவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உள்கசிவு சில மணி நேரம் கழித்துத்தான் தலைவலியாக, வாந்தியாக, குழறலாகத் தெரியும். அதற்கு முன்னாலேயே ஸ்கேன் எடுக்க வேண்டும். கீழே விழுந்த ஹெல்மெட்டை வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

நீங்களும் பிள்ளைகளும் நெஞ்சு அழுத்தும் முதலுதவியை ஒரு தரம் கற்றுக்கொள்ளுங்கள். நெஞ்சின் நடுவில், அஞ்சு செ.மீ. இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120. வீட்டில் பொம்மை இல்லாவிட்டால் இறுக்கமான தலையணை போதும்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்து எட்டு மாதம், வயது 58. விசித்திரமாக இருக்கிறது. சரளில் இறக்கத்தில் மிதிக்காமல் வரும்போது துடிப்பு 120-க்கு ஏறுகிறது. தார் ஏற்றத்தில் வியர்க்க வியர்க்க மிதித்தாலும் 85-ஐத் தாண்டாமல் கண் இருட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: கெடவில்லை, உங்கள் மேல்உடம்பைப் பார்த்து ஏமாறுகிறது. பெரும்பாலான பேஸ்மேக்கர்களில் உழைப்பை உணர இருப்பது அசைவைக் கண்டுபிடிக்கும் ஒரு உணரி. நடக்கிறவருக்குச் சரியாக வேலை செய்யும், ஏனென்றால் நடையில் மார்பு குலுங்கும். சைக்கிளில் கால் எவ்வளவு மிதித்தாலும் மார்பு அசையாமல் இருப்பதால், 'ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்' என்று கருவி நினைத்துக்கொள்ளும். சரள் இறக்கத்தில் கைவழியாகக் குலுங்கும்போது 'ஓடுகிறார்' என்று நினைத்துத் துடிப்பை ஏற்றும்.

செக்கப்பில் இதை இப்படியே சொல்லுங்கள். மூச்சின் அளவைப் பார்த்து ஏற்றும் உணரியும் சில கருவிகளில் உண்டு. உங்களுடையதில் இருந்தால் அதைத் திறந்து வைப்பார்கள். இல்லாவிட்டால் அசைவுக்கு எவ்வளவு ஏற வேண்டும், எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும் என்பதை மாற்றலாம். மேல்எல்லைத் துடிப்பு என்னவென்றும் கேளுங்கள். உங்கள் இதயத்தின் சொந்தத் துடிப்பு அந்த எல்லையைத் தாண்டினால் சில அமைப்புகளில் கருவி சில துடிப்புகளை விட்டுவிடும், வேகம் சட்டென்று பாதியாக விழும். ஏற்றத்தின் நடுவில் யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இருக்கும். முடிந்தால் ஆஸ்பத்திரியில் சைக்கிள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி) மிதித்துக் காட்டி, அதற்கேற்ப அமைக்கச் சொல்லுங்கள். அது சரியாகும் வரை ஏற்றம் வேண்டாம். கண் இருட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சீராக்கும் ஐசிடி கருவி வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஷாக் எந்தத் துடிப்பில் விழும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மிதியின் உச்சம் அதற்குப் பத்து முதல் இருபது கீழே நிற்க வேண்டும், இல்லையென்றால் நல்ல துடிப்பையே கெட்டதென்று நினைத்து அடித்துவிடும். 40 கி.மீ. வேகத்தில் இறக்கத்தில் ஷாக் விழுந்தால் என்னவாகும் என்பதையும் யோசியுங்கள். 2021-இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்ற இத்தாலியர் சோனி கோல்பிரெல்லி, 2022 மார்ச்சில் கட்டலோனியா பந்தயத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஐசிடி வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு போட்டியிட இத்தாலிய விதி இடம் கொடுக்காது. அந்த வருடமே பந்தயத்தை விட்டார்.

கேள்வி: வயது 24. காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு வலி வந்து 'இதயத் தசை அழற்சி' என்றார்கள். இப்போது ஒரு மாதம் ஆச்சு, ஒன்றும் தெரியவில்லை. ஓட்டலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூடாது, தம்பி. பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் சைக்கிள், ஜிம், கிரிக்கெட் எதுவும் கிடையாது. வெளியே ஒன்றும் தெரியாதபோதும் உள்ளே தசை ஆறிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் வேகமாக மிதித்தால் துடிப்பு தாறுமாறாகி ஆளே போய்விடலாம். விளையாட்டு மைதானத்தில் சாகும் இளைஞர்களில் ஒரு பங்கு இதனால்தான். திரும்புமுன் ரத்தத்தில் டிரோபோனின், எக்கோ, 24 மணி நேர ஹோல்டர் (உடம்பிலேயே மாட்டிவிடும் ஈசிஜி), டிரெட்மில், முடிந்தால் இதய எம்ஆர்ஐ. எல்லாம் சுத்தமாக வந்த பிறகு மேலே உள்ள பன்னிரண்டு வாரக் கணக்கு. இனிமேல் காய்ச்சலோடு சைக்கிளைத் தொடாதீர்கள்.

கேள்வி: இருபது வருடமாக நெடுந்தூரம் ஓட்டுகிறேன். வயது 56. குடியில்லை, பீடியில்லை. எனக்குப் போய் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார்கள். சைக்கிள் ஓட்டினவனுக்கு எப்படி வந்தது? அப்லேஷன் செய்தால் திரும்பலாமா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: இதயத்தின் மேல்அறைகள் தாறுமாறாகத் துடிக்கும் இந்தக் கோளாறு, சைக்கிள் ஓட்டினதாலேயே வந்திருக்கலாம். சுவீடனில் நடக்கும் 90 கி.மீ. வாசலோபெட் பனிச்சறுக்குப் பந்தயத்தில் ஓடின 52,755 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். நிறைய தரம் ஓடினவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு கூடுதலாக இருந்தது. வேகமாக முடித்தவர்களுக்கும் பொதுவாகத் துடிப்புக் கோளாறுகள் கூடுதல்தான். வருடக்கணக்கில் நெடுநேரம் உழைத்தால் இதயத்தின் மேல்அறைகள் விரிந்து, அங்கங்கே தழும்பு விழுவது காரணம் என்று கருதுகிறார்கள். இதைப் படித்துவிட்டு, 'பாத்தியா, சைக்கிளே கெடுதல்' என்று சோபாவில் சாய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாரடைப்பும் சர்க்கரையும் சாய்ந்திருப்பவர்களைத்தான் அதிகம் தேடி வருகின்றன.

திரும்பலாம். இத்தாலிய சைக்கிள் பந்தய வீரர் எலியா விவியானிக்கு 2021 ஜனவரியில் துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் (கோளாறைக் கிளப்பும் இடத்தைக் குழாய் வழியாகச் செயலிழக்கச் செய்வது) செய்தார்கள், அதே ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். ஆனால் அவருக்கு வயது 32, கூடவே ஒரு மருத்துவப் படை. உங்களுக்கு: தொடை இடுக்கில் குழாய் செருகின காயம் ஆற ஒரு வாரமாவது சேணத்தில் உட்காரக் கூடாது. முதல் இரண்டு, மூன்று மாதத்தில் படபடப்பு மறுபடி வந்தால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை, உள்ளே தழும்பு ஆறிக்கொண்டிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை குறைந்தது இரண்டு மாதம் தொடரும், அதன் பிறகும் தேவையா என்பதைப் பிரஷர், சர்க்கரை, வயது பார்த்து முடிவு செய்வார்கள். படபடப்பு நின்றுவிட்டதை வைத்து நீங்கள் முடிவு செய்யக் கூடாது.

கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள். சரளில் மணிக்கட்டு குலுங்கும்போது அது ரத்த ஓட்டத்தை விட்டுவிட்டுக் குலுக்கலை எண்ணத் தொடங்கும். மார்புப் பட்டை போடுங்கள், போடுமுன் பட்டையை நனைத்துக்கொள்ளுங்கள். 130-இல் சீராகப் போய்க்கொண்டிருந்தது ஒரே நொடியில் 180-க்குத் தாவி, கால் சட்டென்று செத்த மாதிரி ஆனால் அது கோளாறு. மெல்ல மெல்ல ஏறி 180 வந்தால் அது ஏற்றம். நெடுந்தூரத்தைப் பாதியாக்குங்கள், குறட்டை பலமாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்றும் பரிசோதியுங்கள். அதைச் சரி செய்யாமல் இந்தப் படபடப்பு அடங்காது.

கேள்வி: ஓட்டத்தின்போது கடையில் விற்கும் பானங்களுக்குப் பதில் பதநீர் குடிக்கலாமா?
– வாசகர், இட்டமொழி

பதில்: தாராளமாக. ஆனால் அதில் சர்க்கரை பத்து, பன்னிரண்டு சதவீதம் இருக்கும். மிதிக்கும் வயிற்றுக்கு அது கெட்டி, குமட்டும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அரை லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்பு. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் போதும். சர்க்கரை நோய் இருந்தால் இதுவும் வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு மேல் பாட்டிலில் வைத்திருக்காதீர்கள், புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளும், நீங்களும் வேறு மாதிரி ஓட்டுவீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், ராமிப்ரிலும் உடம்பில் அதைக் கூட்டும். ராமிப்ரில் சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக அதோடு ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறவர்கள், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பம்பிங் குறைந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்கள் இந்தப் பதிலில் உள்ள அளவு எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: மோட்டார் உதவியுள்ள சைக்கிள் வாங்கினால் கூட ஓட்டுகிறவர்கள் கேலி செய்கிறார்கள். உண்மையில் பயன் உண்டா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: உண்டு. சமதளத்தில் அணைத்து வைத்துவிட்டு ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் மட்டும் போட்டுக்கொண்டால் மூச்சு அஞ்சு ஸ்டேஷனிலேயே நிற்கும், கூட்டத்தோடும் போகலாம். 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள் இருந்தால் பதிவு, லைசென்ஸ் கிடையாது. நீங்கள் மிதித்தால் மட்டும் உதவுகிற வகையாகப் பாருங்கள், கைமுறுக்கு (ஆக்சிலேட்டர்) வகை வேண்டாம். கேலி செய்கிறவரை 20 கிலோ சைக்கிளை மோட்டார் இல்லாமல் மணிமுத்தாறு அணைக்கரை வரை ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பைபாஸ் செய்து பத்து வாரம், வயது 61. வீட்டு டிரெய்னரில் 30 நிமிடம் மிதிக்கிறேன், நன்றாக இருக்கிறது. ஹேண்டில்பாரில் குனிந்து பாரம் போட்டால் மட்டும் நெஞ்செலும்பில் 'களுக்' என்று ஒரு சத்தம். குளக்கரைச் சரளுக்கு எந்த ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு) போடலாம்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பிளந்து கம்பியால் கட்டின நெஞ்செலும்பு ஒட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், சர்க்கரை இருந்தால் இன்னும் கூடும். பத்தாம் வாரத்திலும் 'களுக்' கேட்டால் எலும்பு சரியாக ஒட்டாமலோ, ஒரு கம்பி தளர்ந்தோ இருக்கலாம், சர்ஜனிடம் காட்டுங்கள். சரளில் ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கினால் உடம்பின் பாரம் முழுவதும் இரண்டு கைவழியாக அந்த எலும்பில்தான் விழும். டிரெய்னரில்கூட இனி கையை ஹேண்டிலில் ஊன்றாமல் நிமிர்ந்து உட்காருங்கள். சிவந்தோ, வீங்கியோ, நீர் கசிந்தோ இருந்தால் இன்றே போக வேண்டும்.

சர்ஜன் பார்த்து, எலும்பு ஒட்டிவிட்டது என்று சொன்ன பிறகு: இருப்பது 100 மி.மீ. ஸ்டெம் என்றால் அதைக் கழற்றி 70 மி.மீ., மேல்நோக்கிய கோணத்தில். கீழே 20, 30 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) போட ஃபோர்க் குழாயில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால் இடம் இருக்காது, அப்போது உயரம் கூடின ஹேண்டில்பார்தான் வழி. டயர் 45 மி.மீ.க்குக் குறையாமல், 25 பிஎஸ்ஐ. முதல் மாதம் தார் ரோடு மட்டும். எந்த ஹேண்டில்பார் என்று கேட்பதாக இருந்தால், சத்தம் நின்ற பிறகு உங்கள் தோள் அகலத்தை அளந்து எழுதுங்கள்.